வேம்பு நிழலும் பங்குனிப் பூவும்

கேள்வி: "எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய வேப்பமரம் நிற்கிறது. அதற்கு வடக்கே பத்தடி தள்ளி நான்கு குண்டுமல்லி வைத்து மூன்று வருஷம் ஆகிறது. கொடி மாதிரி ஓடுகிறது. இலை பச்சைப் பசேலென்று இருக்கிறது. ஆனால் பங்குனி பிறந்தும் ஒரு கைப்பிடி மொட்டுக்கு மேல் வரவில்லை. தெருவில் மற்ற வீடுகளில் கூடை கூடையாகப் பறிக்கிறார்கள். எருவும் போட்டாயிற்று, யூரியாவும் போட்டாயிற்று. மரத்தை வெட்டினால்தான் பூக்கும் என்று மூத்த மகன் சொல்கிறான். மரம் வாங்குகிறவரும் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். அது என் மாமியார் வைத்த மரம், வெட்ட மனசு வரவில்லை. பூ கட்டி விற்றுத்தான் வீட்டுச் செலவில் பாதி ஓடுகிறது. நிழலிலேயே பூக்கிற செடி ஏதாவது இருக்கிறதா? சித்திரைக்குள் முடிவு சொல்ல வேண்டும்."
– வாசகி, வில்லியனூர் கொம்யூன்

பதில்: மரத்தை வெட்ட வேண்டாம். சித்திரைக்குள் என்று அவசரப்படவும் காரணம் இல்லை. இன்றைக்கே மரத்தைச் சாய்த்தாலும் இந்தப் பங்குனி, சித்திரைப் பூ அந்த நான்கு செடியிலும் வராது. இந்த ஆண்டுப் பூவுக்கான கணக்கு தை, மாசியிலேயே முடிந்துவிட்டது.

குண்டுமல்லி பழைய கிளையில் பூப்பதில்லை. கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்த பிறகு புதிதாக வரும் துளிரின் நுனியில்தான் மொட்டு கட்டும். அந்தத் துளிர் வளரும் தை, மாசி இரண்டு மாதமும் அதன் மேல் நல்ல வெயில் விழ வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கிடைத்தால் துளிர் குட்டையாக நின்று மொட்டு வைக்கும். கிடைக்காவிட்டால் செடி வெளிச்சத்தைத் தேடி ஓடும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், இலை அகலமாகும், தண்டு கொடியாக நீளும். "கொடி மாதிரி ஓடுகிறது, இலை பச்சைப் பசேலென்று இருக்கிறது" என்று அந்த அம்மா எழுதியிருப்பது நோயற்ற செடியின் லட்சணம் போலத் தோன்றும். உண்மையில் அது வெயிலுக்கு ஏங்கும் செடியின் அடையாளம். இதன் மேல் யூரியாவும் போட்டால் இலைதான் இன்னும் பெருகும். நிழலில் இருக்கும் மல்லிக்கு யூரியா போடுவதை இன்றே நிறுத்திவிடலாம்.

அடுத்து, மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது. கடிதத்தில் முக்கியமான செய்தி இதுதான். செடிகள் மரத்துக்கு வடக்கே பத்தடியில் இருக்கின்றன. நம் புதுச்சேரிப் பகுதியில் சூரியன் ஆண்டு முழுவதும் தலைக்கு மேலேயே போவதில்லை. ஏப்ரல் 21, 22 வாக்கில் ஒரு முறையும் ஆகஸ்ட் 21, 22 வாக்கில் ஒரு முறையும் மட்டுமே நண்பகலில் உச்சந்தலைக்கு நேராக வரும். அந்த நாட்களில் பன்னிரண்டே கால் மணிக்குச் சற்று முன்பு, நட்டு வைத்த கழிக்கு நிழலே இருக்காது. மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து போகும். அப்போது 10 அடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே 7 அடி வடக்கே விழும். 30 அடி வேம்பின் நிழல் 21 அடி வரை நீளும். தை மாதக் கடைசியிலும் அது 14 அடிக்குக் குறையாது. மல்லிக்கு வெயில் அதிகம் தேவைப்படும் இரண்டு மாதமும் இந்த நான்கு செடிகளும் வேம்பின் முழு நிழலுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இதே செடிகள் மரத்துக்குத் தெற்கே, கிளை கவியாத இடத்தில் இருந்திருந்தால், மரமும் நின்றிருக்கும், பூவும் வந்திருக்கும்.

மாசியில் வேம்பு இலை உதிர்க்கிறதே, அப்போது வெயில் வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் நிலைக்காது. நம் பக்கம் இலை உதிர்ந்த கையோடு செந்துளிர் வந்து மூடிவிடும். அந்தச் சில நாள் வெளிச்சத்தில் வந்ததுதான் அந்த ஒரு கைப்பிடி மொட்டு.

வைகாசி முதல் ஆடி வரை கணக்கு தலைகீழாகும். சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஜூன் மாதம் நண்பகலில் 10 அடிச் சுவரின் நிழல் 2 அடி தெற்கே விழும். அதனால்தான் மார்கழியில் ஈரம் காயாமல் பாசி பிடிக்கிற வடக்குச் சுவரோரம் வைகாசியில் சுட்டெரிக்கிறது. "நிழலான இடம்" என்று நம்பி வடக்குச் சுவரோரம் வைத்த செடி கோடையில் கருகுவதற்குக் காரணம் தேடி மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. காரணம் வானத்தில் இருக்கிறது.

எனவே எந்தச் செடியையும் வாங்கும் முன் ஒரு நாள் செலவழித்து வீட்டுத் தோட்டத்தின் நிழலை அளந்து பார்ப்பது நல்லது. காலை 8 மணி, 10 மணி, 12 மணி, பிற்பகல் 2 மணி, 4 மணி என ஐந்து முறை போய், வெயில் விழும் இடத்தின் ஓரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை இதைச் சந்தோஷமாகச் செய்வார்கள். கோடு போட்டது பங்குனியில் என்றால், மார்கழியில் அந்த நிழல் இன்னும் வடக்கே தள்ளி விழும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தடியில் நிழல் எவ்வளவு அடர்த்தி என்று பார்க்க இன்னொரு வழி: நண்பகலில் ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்ட வேண்டும். விரல்கள் தனித்தனியாக நிழலில் தெரிந்தால் அது வெயில். கை உருவம் மங்கலாகத் தெரிந்தால் அரை நிழல், அங்கே பல பூச்செடிகள் வரும். எதுவுமே தெரியாவிட்டால் அது அடர்நிழல். அங்கே பூவை எதிர்பார்த்து எதையும் வைக்க வேண்டாம்.

மல்லிக்கு என்ன செய்வது? இந்த வெயிலில் பிடுங்கி மாற்றினால் நான்கும் போய்விடும். ஆடி வரை அப்படியே விட்டு, ஓடிய கொடிகளில் நல்லதாகப் பார்த்து மண்ணில் படுக்க வைத்துப் பதியன் போட வேண்டும். ஆடி, ஆவணி மழை ஈரத்தில் வேர் பிடிக்கும். புரட்டாசியில் தாய்ச் செடியிலிருந்து வெட்டி, தெற்குப் பக்கமோ வாசல் பக்கமோ வெயில் விழும் இடத்தில் ஒன்றரை அடிக் குழியில், நான்கு அடி இடைவெளியில் நடலாம். மழை கனக்கும் முன் நட்டுவிட வேண்டும். மல்லி நடவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்ற காலம். செடி நிலைத்து வளர்ந்த பிறகு, ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரம், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து தேவை. உரக் கணக்கில் சொன்னால் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இதை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கவாத்து முடிந்ததும், மீதியை ஜூன், ஜூலையிலும் வைக்கலாம். யூரியா மட்டும் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் அதிகம். மல்லி கேட்பது அதைவிட இரண்டு மடங்கு மணியும் சாம்பலும்.

இனி மரத்தடி. அந்த அம்மா கேட்ட கேள்வி இதுதான், இதற்குப் பதில் நம்மிடமே இருக்கிறது. கனகாம்பரம்.

நிழல் என்றதும் பலர் நர்சரியில் ஆந்தூரியம், ஆர்க்கிட் என்று விசாரிக்கிறார்கள். அவை நிழல்வலை, பஞ்சு போன்ற ஊடகம், நல்ல தண்ணீர் எல்லாம் கேட்கும். பார்க்க அழகுதான், முழம் போட்டு விற்க முடியாது. கனகாம்பரம் அரை நிழலைத் தாங்கும், மற்ற பூக்கள் வாடும் பங்குனி, சித்திரை வெயிலில் மரத்தின் ஓர நிழல் அதற்கு உதவியாகவே இருக்கும். முழு வெயிலில் நிற்கும் கனகாம்பரத்துக்குக் கோடையில் இரட்டிப்புத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். காலை வெயில் இரண்டு, மூன்று மணி நேரம் விழுந்து பிற்பகலில் நிழல் வரும் இடம் கிடைத்தால் அதுவே போதும். வேம்புக்குக் கிழக்கு ஓரம் அப்படிப்பட்ட இடம். அடர்நிழலில் வைத்தால் கனகாம்பரமும் ஏமாற்றும்: கதிர் நீளும், பூவின் நிறம் வெளுக்கும், எண்ணிக்கை குறையும்.

டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, போத்து வைத்துத்தான் பெருக்க வேண்டும். வேர் பிடித்த போத்து நட்ட இரண்டு, மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கும். நாட்டு ஆரஞ்சு கனகாம்பரம் விதையிலேயே வரும். முற்றிக் காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் காய் பட்டென்று வெடித்து விதை தூரப் போய் விழும். எனவே விதை சேகரிப்பவர்கள் காலைப் பனி காய்ந்த பிறகு கதிரைப் பறித்து மூடிய பாத்திரத்தில் வைப்பது வழக்கம். விற்பனைக்கு டெல்லி ரகம் மேல். பூ பெரியது, நிறமும் எடுப்பு.

நடவு ஆடிக்குப் பிறகு, ஐப்பசி மழைக்கு முன். அப்போது நட்டால் மார்கழி, தையில் கதிர் விட்டு, பங்குனியில் நல்ல பறிப்பில் இருக்கும். வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றேகால் அடி இடம் விட வேண்டும். அடிமரத்திலிருந்து 6 அடிக்குள் தோண்ட வேண்டாம். மரத்தின் வேருக்கும் காயம், செடிக்கும் தண்ணீர் மிஞ்சாது. சிலர் மரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து அழகாக மேடை கட்டுவார்கள். பட்டையோடு ஈரமண் ஒட்டிக் கிடந்தால் அடிமரம் அழுகும். இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

ஆனால் பாத்தி மேட்டுப்பாத்தியாகத்தான் இருக்க வேண்டும். தரையிலிருந்து அரை அடி உயரம் போதும். கனகாம்பரத்துக்கு எமன் வாடல் நோய். நன்றாக இருந்த செடி கிளை கிளையாகத் தொங்கி, பத்து நாளில் காய்ந்துவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும். மண்ணில் இருக்கும் நூற்புழு வேரைக் குத்தி வழி செய்ய, பூசணம் உள்ளே நுழைகிறது. தண்ணீர் தேங்கினால் இரண்டுக்கும் கொண்டாட்டம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை ஒவ்வோர் ஆண்டும் வராது என்றாலும், அதில் கால் பங்கு பெய்தாலே பாகூர்ப் பக்கத்துக் களிமண்ணில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். குளியலறைத் தண்ணீரைக் கனகாம்பரப் பாத்திக்குத் திருப்பி விடுவதும் இதே தவறுதான். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகட்டும்.

நூற்புழுவுக்கு முன்பெல்லாம் ஃபோரேட் குருணை போடச் சொல்வார்கள். 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் அதற்குத் தடை. பழைய டப்பா வீட்டில் கிடந்தாலும் தொட வேண்டாம். கோழியும் குழந்தையும் உலவுகிற இடத்தில், தலையில் வைக்கிற பூவுக்கு, அந்த நஞ்சு எப்போதுமே பொருத்தமில்லாதது. நடும்போது குழிக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு போட்டு மண்ணோடு கலந்துவிடலாம். ட்ரைக்கோடெர்மா விரிடி 50 கிராமை ஒரு கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் தெளித்து, ஒரு வாரம் நிழலில் மூடி வைத்து, பிறகு செடிக்கு ஒரு கைப்பிடி வைக்கலாம். இது எங்கே கிடைக்கும் என்று குருமாம்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள உழவர் உதவியகத்திலோ விசாரிக்கலாம். வாடிய செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், எருக்குழியில் போடக் கூடாது. அந்தக் குழியிலேயே மறுபடி கனகாம்பரம் வைக்கவும் கூடாது.

பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளையில் புதுக்கதிர் வரும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பல வீடுகளில் செடி உயரமாகவும் பூ சொற்பமாகவும் இருக்கிறது. மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். வேம்பின் உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் பாத்தி மேல் பரப்பினால் கோடையில் ஈரம் காயாது.

ஒரே நாளில் ஐம்பது செடி வாங்கி நட வேண்டாம். வரும் ஆடியில் மரத்தைச் சுற்றி ஐந்து இடத்தில் ஐந்து செடி வைத்துப் பார்த்தால், தையில் எந்த இடம் பூக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு அந்த இடத்தில் பெருக்கிக்கொள்ளலாம். அந்த ஐந்து செடியின் போத்தே மற்றவைக்கும் ஆகும்.

வருமானம் பற்றி. பங்குனி, சித்திரையில் மல்லி எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் பூக்கிறது. எனவே ஆண்டிலேயே விலை இறங்குகிற காலமும் அதுதான். தெருவில் கூடை கூடையாகப் பறிக்கிறவர்கள் அந்தக் கூடையை என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மார்கழி, தையில் கால் கூடைக்கு வாங்கியது சித்திரையில் முழுக் கூடைக்கும் வராத நாட்கள் உண்டு. கனகாம்பரம் எடைக்கு நிற்காது, முழத்துக்கு நிற்கும். வாசனை இல்லை, ஆனால் மல்லி மாலையில் மலர்ந்து மறுநாள் பழுத்துவிடும்போது, கனகாம்பரம் இரண்டு நாள் கசங்காமல் இருக்கும். அந்த அம்மா பூவை விற்பது கூடையில் அல்ல, கட்டி. அவருக்கு இரண்டும் வேண்டும். வாசல் பக்கத்து மல்லியும் மரத்தடிக் கனகாம்பரமும் சேர்ந்தால் கதம்பத்துக்கு வெளியிலிருந்து வாங்குவது குறையும். ஈஸ்டருக்குப் பின் வரும் வில்லியனூர் மாதா கோயில் திருவிழா, வைகாசியில் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் என்று அந்தப் பக்கத்தில் பூ கேட்கும் நாட்கள் இந்தப் பருவத்தில்தான் வருகின்றன.

மரத்தடிக்கு வேறு சில செடிகளும் உண்டு. அடுக்கு நந்தியாவட்டை அரை நிழலில் நன்றாக வரும், வெயில் ஏற ஏறப் பூ கூடும். உடைத்தால் பால் வடிவதால் ஆடு வாய் வைக்காது, வேலி ஓரத்துக்கு ஏற்றது. சாமிக்கு மாலை கட்டுபவர்கள் விரும்பி வாங்குவார்கள். இட்லிப்பூவும் பாதி வெயிலில் பூக்கும். ஆனால் சிமெண்டுச் சுவரோரம் வைத்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுவரிலிருந்து இறங்கும் சுண்ணாம்பால் இரும்புச்சத்து கிடைக்காமல் போவதன் அடையாளம் அது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் தெளித்தால் பச்சை திரும்பும். மனோரஞ்சிதம் நிழலைத் தாங்கும், கோடையில் பூக்கும், பூ மஞ்சளாகப் பழுக்கும்போது வீடே மணக்கும். ஆனால் பெரிய கொடிப்புதராகப் படரும், பந்தல் அல்லது மரம் வேண்டும், பூக்க இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். விற்பனைக்கு அல்ல, வீட்டுக்கு. டிசம்பர் பூவை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. நிழலில் வரும்தான், ஆனால் மாசியோடு அதன் பூ முடிந்துவிடும்.

கடைசியாக மகனுக்கு. மரத்தால் காசு இல்லை என்பது அவர் கணக்கு. இந்தப் பங்குனியில் அந்த மரத்தடியில் பூத்துக் கொட்டுகிற பூ வேப்பம்பூதான். விடியும் முன் மரத்தடியைப் பெருக்கி, ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, வெயில் ஏறும் முன் எடுத்துவிட்டால் மண் ஒட்டாத பூ கிடைக்கும். சுத்தம் செய்து சரகாகக் காய வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் ஓர் ஆண்டு இருக்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு எல்லா வீட்டுக்கும் வேண்டும். ரசத்துக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். டவுனில் மளிகைக் கடைகளில் பொட்டலமாக விற்கும் சரக்கு அது. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் கொட்டும். கொட்டையைப் பொறுக்கிக் கழுவி நிழலில் காய வைத்தால், இடித்த பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மல்லி மொட்டுப்புழுவுக்கு மாலையில் தெளிக்கலாம். மீதிக் கொட்டையை விற்கலாம்.

வெட்டத்தான் வேண்டும் என்றால் கிளையை வெட்டலாம். ஆவணிக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், தரையிலிருந்து எட்டு, பத்து அடி வரை உள்ள தாழ்ந்த கிளைகளையும், உள்ளே ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் எடுத்துவிட்டால் மரத்தடிக்குக் காலை, மாலைச் சாய்வெயில் கிடைக்கும், புயல் காற்றும் ஊடே போகும். ஒரு பக்கத்தை மட்டும் வழித்துவிடக் கூடாது, பாரம் மறுபக்கம் சாய்ந்து நிற்கும். மொத்தக் கிளையில் கால் பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் அடித்த பிறகு புதுச்சேரி, கடலூர் பக்கம் எத்தனை வீட்டுப் பின்கட்டுகள் ஒரே நாளில் வெட்டவெளி ஆயின என்பது மகனுக்கும் நினைவிருக்கும். அப்படிப் போன நிழலைத் திரும்பப் பெற எத்தனை ஆண்டு ஆனது என்பதை அந்த வீடுகளில் கேட்கலாம். மரம் வாங்குகிறவர் கொடுக்கும் பணம் ஒரு முறை வரும். அக்கினி நட்சத்திரத்தில் அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் வீட்டில் பூ கட்டுகிறார்கள் என்பதையும் மகன் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: "தென்னந்தோப்பு ஓரத்தில் மே மாதப் பூ கிழங்கு நான்கு வைத்திருந்தோம். போன வருஷம் சித்திரையில் பந்து மாதிரி சிவப்பாகப் பூத்தது. இந்தத் தை மாதம் இலையெல்லாம் பழுத்துக் காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. கிழங்கு செத்துவிட்டதா?"
– வாசகர், பாகூர் கொம்யூன்

பதில்: சாகவில்லை, தூங்குகிறது. முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஃபுட்பால் லில்லி என்றும் சொல்லப்படும் இந்தச் செடியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மழைக்காலத்தில் இலை விட்டு உணவைக் கிழங்கில் சேர்த்துக்கொண்டு, வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் ஓய்வெடுப்பது அதன் இயல்பு. அந்த ஓய்வில் தினமும் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகும். ஓரமாக ஒன்றைத் தோண்டித் தொட்டுப் பார்க்கலாம். கெட்டியாக இருந்தால் அப்படியே மூடிவிட வேண்டும். கொழகொழவென்று இருந்தால் அதை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு, மற்றவற்றைச் சுற்றிக் கொஞ்சம் மணல் கலந்து வடிகால் செய்து கொடுக்கலாம்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால், அல்லது ஏப்ரல் கடைசியில் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டால், இலை வருமுன்னே பூத்தண்டு மண்ணைப் பிளந்துகொண்டு வரும். பூ ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். பூ முடிந்த பிறகு வரும் இலைதான் அடுத்த ஆண்டுப் பூவுக்கு உணவு சேர்ப்பது, அதை வெட்டக் கூடாது. ஆனி, ஆடியில் ஒரு கைப்பிடி மக்கிய எரு போடலாம். தென்னை ஓலையின் ஊடே விழும் வெளிச்சம் இதற்குப் போதுமானது, இடம் மாற்ற வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. கிழங்கு பார்வைக்கு வெங்காயம் போல இருக்கும், ஆனால் நஞ்சு. தோண்டி எடுத்ததைச் சமையலறைப் பக்கம் வைக்கக் கூடாது. ஆடு, மாடு கடிக்கிற இடத்திலும் போடக் கூடாது. அடுத்த தையில் இலை பழுக்கும்போது ஒவ்வொரு கிழங்குக்கும் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்தால், தென்னைக்குப் பாத்தி வெட்டுபவர் அங்கே மண்வெட்டி போடாமல் இருப்பார்.